செங்கோட்டையில் பெயர்ப்பலகை இல்லாத பழைய புத்தகக் கடை: வாங்கப் போகலாம், பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடை மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை திரும்பவும் போகத்தான் போகிறேன். தென்காசி, செங்கோட்டை, புனலூர் மூன்று ஊரிலும் சேர்த்துப் பழைய சட்டப் புத்தகம் இந்த மாதிரி கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கடைக்குப் பெயர் கிடையாது. "பழைய பேப்பர் அண்ணாச்சி" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும், வாஞ்சி சிலையிலிருந்து நடந்தே போய்விடலாம். முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடாதீர்கள். எடைக்கு எடுத்த பேப்பர் கட்டு, பிளஸ் டூ கைடு, அட்டை கிழிந்த மலையாள வார இதழ், இவ்வளவுதான் வெளியே தெரியும். அதைத் தாண்டி உள்ளே ஓர் அறை இருக்கிறது, குனிந்துதான் நுழைய வேண்டும், பல்பு ஒன்றே ஒன்று, அதுவும் அண்ணாச்சி மனசு வைத்தால்தான் எரியும். செல்போன் டார்ச்சை நம்பிப் போங்கள். ஆனி ஆடியில் சாரல் அடிக்கிற ஊர் என்பதால் புத்தகமெல்லாம் நமுத்துப்போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், இழுக்கும்போது முதுகு கையோடு வரும். ராமபாணப் பூச்சி வேறு.

அந்த அறையில் இருப்பதெல்லாம் செத்துப்போன வக்கீல்கள் வீட்டுப் புத்தகம். பேரப் பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள், வீட்டை விற்கும்போது பீரோவோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். இங்கே ஒரு விசேஷம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1க்குப் பிறகுதான் தமிழ்நாடு, அதற்கு முன்னால் திருவிதாங்கூர். பக்கத்துத் தென்காசியோ பிரிட்டிஷ்காரர்களின் திருநெல்வேலி ஜில்லா. பஸ்ஸில் கால் மணி நேரத்தில் ராஜ்யமே மாறிவிடும். அதனால் இந்த ஊர் வக்கீல்கள் இரண்டு ராஜாக்களின் சட்டத்தையும் வாங்கி வைத்திருந்தார்கள். நான் வக்கீல் குமாஸ்தா, இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை, திருவிதாங்கூர் சங்கு முத்திரை போட்ட பத்திரமும் மலையாளக் கொல்லம் ஆண்டுத் தேதியும் எனக்குப் பழக்கம். ஆனால் அந்தக் காலத்துத் தண்டனைச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தது இந்தக் கடையில்தான்.

சரி, வாங்கின சரக்குக்கு வருகிறேன். இந்தியத் தண்டனைச் சட்டம், ஆங்கிலம், விளக்க உரையோடு, கனம் ஒரு செங்கல். முன் அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை, எந்த வருஷம் அச்சடித்தது என்று எங்கேயும் கிடையாது. அண்ணாச்சி தொள்ளாயிரம் சொன்னார்.

"இது ராணி காலத்துப் புக்கு தம்பி. விக்டோரியா மகாராணி. சும்மாவா?"

"ராணி காலம் இல்லை அண்ணாச்சி, ராஜா காலம்."

"உள்ள ராணின்னுதானே போட்டிருக்கு? எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்."

அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதான். 121ஆம் பிரிவைத் திறந்தால், ராணிக்கு எதிராக யார் போர் தொடுத்தாலும், தொடுக்க முயன்றாலும், தொடுக்க உடந்தையாக இருந்தாலும் மரணம் அல்லது ஆயுள் முழுக்க நாடுகடத்தல் என்றுதான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய பக்கத்தைப் பாருங்கள் என்றேன். 120ஏ, 120பி என்று கூட்டுச்சதிப் பிரிவுகள் அச்சிலேயே இருக்கின்றன. அவை 1913இல் சேர்த்தவை. விக்டோரியா செத்தது 1901. அப்படியானால் இது ஐந்தாம் ஜார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அச்சான புத்தகம். இன்னொரு அடையாளமும் உண்டு. 121இன் கடைசியில், குற்றவாளியின் சொத்து முழுவதும் பறிமுதல் என்று அச்சடித்திருக்கிறது, அதன் மேல் ஒரு சின்னத் திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது, அபராதமும் விதிக்கலாம் என்று. அந்தத் திருத்தம் 1921. ஆக, 1913க்கும் 1921க்கும் நடுவில். அண்ணாச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு அறுநூற்றைம்பதுக்கு இறங்கினார். இந்தக் கடையில் பேரம் பேச இது ஒன்றுதான் வழி. சும்மா "குறையுங்க அண்ணாச்சி" என்றால் ஒரு ரூபாய் குறையாது, புத்தகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால் குறைப்பார்.

ராஜா இருக்கும்போது ஏன் ராணி என்று கேட்பீர்கள். 1860இல் சட்டம் எழுதியபோது 13ஆம் பிரிவில் ஒரு வரி வைத்துவிட்டார்கள், ராணி என்றால் அவ்வப்போது ஆளுகிற பிரிட்டிஷ் அரசர் என்று. அவ்வளவுதான், அதன் பிறகு எத்தனை ராஜா வந்தாலும் எழுத்தை மாற்றவில்லை. சுதந்திரம் வந்து குடியரசும் ஆன 1950இல்தான் அந்த இடத்தில் இந்திய அரசு என்று போட்டார்கள். என் புத்தகத்தில் யாரோ அதையும் நீல மையில் அடித்துத் திருத்தியிருக்கிறார், ராணி என்று வருகிற இடத்திலெல்லாம் ஒரு கோடு, மேலே இந்திய அரசு என்பதன் சுருக்கம். 125ஆம் பிரிவு வரும்போது அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும், கோடு மட்டும்தான் இருக்கிறது.

இந்தப் புத்தகத்துக்காக அறுநூற்றைம்பது கொடுக்கலாமா என்று கேட்டால், 121இலிருந்து 130 வரைக்கும் உள்ள அந்த ஓர் அதிகாரத்துக்காகவே கொடுக்கலாம். உதாரணம் என்று கீழே போட்டிருப்பதைப் படியுங்கள்: இந்தியாவில் இருக்கிற ஒருவன் இலங்கையில் ராணியின் அரசாங்கத்துக்கு எதிராகக் கலகம் செய்கிறவர்களுக்கு ஆயுதம் அனுப்பினால் அவனும் 121இல் வருவான். 1860இலேயே இலங்கையை யோசித்து எழுதியிருக்கிறார்கள். இப்போதைய புத்தகங்களில் இந்த உதாரணத்தைத் தேடினாலும் கிடைக்காது.

அப்புறம் இந்த "யார்" என்ற சொல். இங்கிலாந்தில் ராஜத்துரோகம் என்றால் விசுவாசத்தை மீறுவது, ராஜாவுக்கும் பிரஜைக்கும் நடுவில் ஒரு கட்டு இருக்க வேண்டும். 1351இல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் போட்ட சட்டம் அங்கே அடிப்படை, ராஜாவின் சாவை மனசில் எண்ணுவதே துரோகம் என்று ஆரம்பிக்கும், ஆனால் அந்த எண்ணத்தைக் காட்டுகிற வெளிச்செயல் ஒன்றாவது வேண்டும். நமக்கு எழுதினபோது அந்தக் கட்டெல்லாம் தேவைப்படவில்லை. யாராக இருந்தாலும் சரி, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் செய்தால் போதும். 1870இல் சேர்த்த 121ஏ இன்னும் ஒரு படி மேலே போகிறது. போர் தொடுக்க இரண்டு பேர் பேசி முடிவு செய்தாலே குற்றம், அதன்படி எந்தக் காரியமும் நடந்திருக்க வேண்டியதில்லை என்று அதன் விளக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே 1870இல்தான் 124ஏயும் வந்தது. அது போர் பற்றியது கிடையாது, பேச்சும் எழுத்தும் பற்றியது. மெக்காலே 1837இல் எழுதிய நகலில் இருந்ததை 1860இல் விட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து எடுத்து ஒட்டினார்கள்.

தமிழில் நாம் இரண்டையும் ராஜத்துரோகம் என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வ.உ.சி.க்கு 1908 ஜூலையில் திருநெல்வேலியில் பின்ஹே துரை கொடுத்த தண்டனை 121இல் கொடுத்தது என்று எங்கள் ஆபீஸுக்கு வருகிற சட்டக் கல்லூரிப் பையன்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 124ஏ. தான் பேசியதற்கு ஓர் ஆயுள், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள், ஒன்று முடிந்து ஒன்று, ஆக 40 வருஷம். அப்பீலில்தான் குறைந்தது. கப்பல் ஓட்டியதற்கு எந்தப் பிரிவும் கிடையாது, அதனால் பேசியதற்குப் போட்டார்கள் என்பது எங்கள் சீனியர் சொல்வது.

இனி கோபத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தப் பென்சில் குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

121ஏ இருக்கிற பக்கத்தில் வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது. கையெழுத்து பொடிசு, ஆங்கிலம், "35 மெட்ராஸ்" என்றும் அதை ஒட்டி ஒரு பக்க எண்ணும். சென்னை ஐகோர்ட் தீர்ப்புத் தொகுப்பின் 35ஆம் தொகுதி என்று அர்த்தம். கடை இருட்டில் பக்க எண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புத்தி கெட்ட வேலை. ஏனென்றால் புத்தகத்தைக் கடையிலேயே பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணாச்சியே பைண்டிங்கும் செய்கிறார், இருநூற்று இருபது ரூபாய், காலிக்கோ துணி, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவார், பூச்சி வராது. தையல் நன்றாக இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் ஆபீஸில் சீனியரிடம் சொன்னேன், 121ஏ பக்கத்தில் 35 மெட்ராஸ் என்று எழுதியிருக்கிறது என்று. அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டார்.

"அது ஆஷ் கேஸுய்யா. பக்கம் என்ன?"

"பார்க்கலைங்க சார்."

"பார்க்கலையா?"

1911 ஜூன் 17 காலை மணியாச்சி ஜங்ஷனில், கொடைக்கானல் போவதற்காக மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது எல்லாருக்கும் தெரியும், எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம். சுட்டவர் அங்கேயே ஓடிப்போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் கடிதம், ஐந்தாம் ஜார்ஜ் இந்த மண்ணில் கால் வைத்தால் கொல்வதாக 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்று. ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா அதற்கு ஐந்தாம் நாள், அந்த டிசம்பரில் டெல்லி தர்பார். ராஜாவின் சாவை எண்ணுவது என்று 1351இல் எழுதினார்களே, அதற்கு இதைவிட நேரான கடிதம் வேண்டுமா? ஆனால் எழுதியவர் உயிரோடு இல்லை. மிச்சம் இருந்தவர்களை என்ன செய்வது? அங்கேதான் 121ஏ வேலை செய்தது. துப்பாக்கி பிடிக்காதவர்கள், மணியாச்சிப் பக்கமே போகாதவர்கள், 14 பேர் மேல் வழக்கு, சென்னை ஐகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் முன்னால். அதில் ஒருவர் சங்கரன் நாயர், அவர் தீர்ப்பைத் தனியாக எழுதினார். காளி படத்துக்கு முன்னால் குங்குமத் தண்ணீர் குடித்துச் சத்தியம் செய்தார்கள் என்று அப்ரூவர்கள், அதாவது கூட்டத்தில் இருந்து அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர்கள், சாட்சி சொன்னார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருஷம். சதி செய்ததற்கு, அதாவது சேர்ந்து முடிவெடுத்ததற்கு.

சீனியர் ஒன்று சொன்னார், நான் அதுவரைக்கும் யோசித்ததே இல்லை. செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர். வாஞ்சி திருவிதாங்கூர் வனத்துறையில் சம்பளம் வாங்கியவர். அவருடைய மகாராஜா மூலம் திருநாள், ஜார்ஜ் இல்லை. அந்த "யார்" என்ற சொல் இல்லாமல் "பிரஜை" என்று இருந்திருந்தால் இந்த ஊர்க்காரர்களுக்காக ஒரு வக்கீல் எழுந்து நின்று அரை நாளாவது வாதாடியிருக்கலாம். 121ஏ கூட்டத்தில் பிரஜை இல்லாதவனும் அடங்குவான்.

நம் பக்கத்து ராஜா மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்டால், அதற்கும் அதே அலமாரியில் பதில் இருக்கிறது. 1074ஆம் கொல்லம் ஆண்டில், அதாவது 1899இல் போட்ட திருவிதாங்கூர் தண்டனைச் சட்டம் ஒரு பிரதி நல்ல நிலையில் நிற்கிறது, அண்ணாச்சி ஆயிரத்து நானூறுக்கு ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்கிறார், தனக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லையாம். இந்தியச் சட்டத்தைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் சட்டம் கையில் இருந்தும் அதை எடுக்காமலே வேலையை முடித்த கதையும் உண்டு. மணியாச்சிக்கு ஒன்பது மாசம் முன்னால், 1910 செப்டம்பர் 26, திருவிதாங்கூர் திவான் பி. ராஜகோபாலாச்சாரியைத் தன் பத்திரிகையில் கிழி கிழி என்று கிழித்த சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையைப் பிடித்து, அச்சகத்தைப் பறிமுதல் செய்து, திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, அப்பீல் இல்லை, ராஜாவின் ஓர் உத்தரவு. வ.உ.சி.க்காவது பின்ஹே முன்னால் நிற்க ஒரு கூண்டு கிடைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் விலகல்தான். தக்கலைப் பக்கம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809 ஜனவரியில் குண்டறையில் அறிக்கை விட்டது கர்னல் மெக்காலே என்ற ரெசிடென்டுக்கு, அதாவது திருவிதாங்கூரில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு எதிராக. அவர் மண்ணடியில் உயிரை விட்ட பிறகும் விடவில்லை, உடலைத் திருவனந்தபுரம் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தூக்கில் தொங்கவிட்டார்கள். அந்த ரெசிடென்ட் மெக்காலேயின் தம்பி மகன்தான் பிற்காலத்தில் இந்தத் தண்டனைச் சட்டத்தின் நகலை எழுதிய மெக்காலே. பெரியப்பாவுக்கு எதிராகக் கலகம் நடந்த இடத்துக்கும் இந்தப் புத்தகம் இப்போது கிடக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு மலைதான்.

பத்து நாள் கழித்துப் புத்தகத்தை வாங்கப் போனேன். கறுப்புக் காலிக்கோ, முதுகில் தங்க எழுத்து, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. 121ஏவைத் திறந்தேன். "35 மெ" என்பதோடு காகிதம் முடிந்துவிட்டது. ஓரம் மூன்று பக்கமும் பிளேடு போட்ட மாதிரி வெட்டியிருந்தது, கால் அங்குலத்துக்கு மேல். பழைய புத்தகத்தில் பிரிவின் தலைப்பே பக்கத்து ஓரத்தில்தான் சின்ன எழுத்தில் இருக்கும், வலது பக்கங்களில் அதுவும் பாதி போய்விட்டது. 124ஏவுக்குத் தலைப்பு இப்போது பாதிச் சொல்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஓரம் பூரா அழுக்கு தம்பி, யாரோ கிறுக்கி வேற வெச்சிருந்தான். சுத்தமா இருக்கட்டுமேன்னு கட்டிங் போட்டேன்."

எனக்கு வாயில் வார்த்தையே வரவில்லை. நல்லது செய்ததாகவே அவர் நினைக்கிறார், சண்டை போடவும் முடியவில்லை. வெட்டின துண்டெல்லாம் எங்கே என்றேன். மூலையில் ஒரு சாக்கைக் காட்டினார், எடைக்குப் போட வைத்திருந்தது, பத்து நாள் வெட்டுத்துண்டு, கல்யாணப் பத்திரிகை ஓரம், கணக்கு நோட்டு ஓரம், எல்லாம் கலந்து சேமியா மாதிரி. தரையில் கொட்டி நானும் கடைப் பையனும் உட்கார்ந்தோம். அண்ணாச்சி முதலில் சிரித்தார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார், அப்புறம் அவரும் உட்கார்ந்துவிட்டார். பழுப்புத் துண்டை மட்டும் பொறுக்கினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, வெளியே கரண்ட் போய் வந்தது. கடைசியில் பையன்தான் எடுத்தான், தீக்குச்சி அகலத்துக்கு ஒரு துண்டு, பென்சில் எழுத்தின் வால் மட்டும், அதற்குக் கீழே 397.

சீனியர் அலமாரியில் 35ஆம் தொகுதி இருந்தது, 1912. 397ஆம் பக்கம் முத்துக்குமாரசாமி பிள்ளை வழக்கு, அதே ஆஷ் வழக்கின் தொடர்ச்சி, அப்ரூவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பற்றியது. குறிப்பு எழுதிய வக்கீலுக்கு 121ஏவைப் படிக்கும்போது அந்தக் கேள்விதான் மனசில் வந்திருக்கிறது. துண்டை அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை.

இப்போது அந்த அதிகாரத்துக்குப் புது எண் வந்துவிட்டது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம், அதில் 121 போய் 147, 121ஏ போய் 148. 124ஏயை 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது, புதுச் சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற பெயரில் அது இல்லை, 152 என்று வேறு வார்த்தையில் உட்கார்ந்திருக்கிறது. 147ஐ எடுத்துப் பழைய 121 பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போர் தொடுத்தாலும், முயன்றாலும், உடந்தையாக இருந்தாலும் என்ற வரிசை அப்படியே. ராணி இருந்த இடத்தில் இந்திய அரசு.

விலை பற்றி: சட்டப் புத்தகம் முந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை, ஜிபே உண்டு, பில் கிடையாது. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் நிறைய இருக்கிறது. பைண்டிங்குக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் "கட்டிங் வேண்டாம்" என்று புத்தகத்தின் மேலேயே ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார். எனக்குப் பைண்டிங் காசில் நூறு ரூபாய் திருப்பிக் கொடுத்தார், நான் கேட்கவில்லை. புத்தகத்துக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம், பைண்டிங்குக்கு ஒன்று, அதுவும் தையலுக்காக. ஞாயிறு மத்தியானம் கடை இருக்காது. சாக்கு செவ்வாய்க்கிழமை எடைக்குப் போகும், எதையாவது வெட்டக் கொடுத்திருந்தால் அதற்குள் போய்விடுங்கள்.